உன் அப்பு ஏன் சால்வை போடுவதில்லை

என் மகனுக்கு,

உன்னைப் பெற்ற ஆச்சி எழுதுகிறேன். நீ சுகமாகக் கொழும்புக்குப் போய்ச் சேர்ந்ததாக அக்கா வீட்டுக்குப் போட்ட போஸ்ற்காட்டை அவள் கொண்டுவந்து வாசித்துக் காட்டினாள். எங்களுக்குத் தனியாக ஒரு வரி எழுத உனக்கு மனம் வரவில்லை. சரி, கோபக்காரியின் வயிற்றில் பிறந்தவன் வேறெப்படி இருப்பாய்! இங்கே ஆடு குட்டி போட்டிருக்கிறது. கிணற்றில் தண்ணீர் இருக்கிறது. உன் அப்பு எழும்புகிறார், சாப்பிடுகிறார், படுக்கிறார். கதைப்பதுதான் நின்றுபோய்விட்டது. நானே கேள்வி கேட்டு நானே மறுமொழியும் சொல்லிக்கொண்டு திரிகிறேன்.

நீ புறப்பட்ட அன்று நடந்ததை நான் மறக்கவில்லை. நீயும் மறந்திருக்க மாட்டாய். பெட்டியைத் தூக்கிக்கொண்டு நீ வாசல் படலையடிக்கு வந்தபோது அப்பு அங்கே நின்றார். பொலிசுக்கு எடுபட்ட பிள்ளை, எங்கள் குடியில் முதல் ஆள். என்ன சொல்லி வழியனுப்புவது என்று பெற்ற தகப்பனுக்குத் தெரியவில்லை. "அங்கை பெரிய ஆக்களோடை பணிவா நட, மோனை" என்றார். அவர் வேறு எதையாவது சொல்லியிருக்கலாம், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் நீ சொன்ன மறுமொழி இருக்கிறதே! "நான் உங்களைப்போலக் கோட்டிலை சால்வையை இறக்கித் தப்புற ஆள் இல்லை." சொல்லிவிட்டு, "போட்டு வாறன்" என்று ஒரு வார்த்தைகூட இல்லாமல் ஒழுங்கையால் நடந்துவிட்டாய். அப்பு ஆட்டுக்குக் குழை ஒடிக்கப் போனார். ஊர் ஆடுகளுக்கெல்லாம் போதுமான அளவு ஒடித்துக் குவித்தார். கடைசியில் நான்தான் போய்க் கையைப் பிடித்து நிறுத்தினேன்.

அந்தக் கோட்டு வழக்குக் கதை உனக்கு எங்கே கிடைத்தது என்று எனக்குத் தெரியும். நாங்கள் யாரும் சொல்லவில்லை. கள்ளுத் தவறணையை அரசாங்கத்திடமிருந்து குத்தகைக்கு எடுத்து நடத்தினாரே, அவருடைய வீட்டுப் பொடியங்கள் பள்ளிக்கூடத்தில் சொல்லிச் சிரித்த கதை அது. நீ சின்ன வயதில் கேட்டு, வெட்கப்பட்டு, எங்களிடம் ஒரு கேள்வி கேட்காமல் உள்ளுக்குள்ளேயே வைத்து வளர்த்திருக்கிறாய். அது பாதிக் கதை. மிச்சத்தை எழுதுகிறேன். இதை நீ ஒளித்து வைத்து வாசிக்கவேண்டியதில்லை. உன்னோடு ஒரே கூடத்தில் படுக்கிற பொடியங்களுக்கும் சத்தமாக வாசித்துக் காட்டு, சிங்களப் பொடியங்களுக்கு அர்த்தம் சொல்லிக் கொடு. எங்களுக்கு வெட்கப்பட ஒன்றும் இல்லை.

நீ வளர்ந்த காலத்தில் சால்வை வழக்கம் கொஞ்சம் தேய்ந்துவிட்டது, ஆகையால் விளக்கமாகச் சொல்கிறேன். மரம் ஏறிக் கள்ளுச் சீவும் எங்கள் ஆண்கள், எதிரே காணிகாரர் ஒருவர் வந்தால் தோளிலே கிடக்கிற சால்வையை இறக்கிக் கக்கத்தில் வைக்கவேண்டும், இல்லாவிட்டால் அரையில் கட்டவேண்டும். வருகிற ஆள் தூரத்தில் தெரியும்போதே கை தோளுக்குப் போய்விடும். யாரும் சொல்லத் தேவையில்லை. அப்பு நடக்கப் பழகிய நாளிலிருந்து தன் தகப்பன் இறக்குவதைப் பார்த்தவர், தானும் இறக்கி வளர்ந்தவர். நாங்கள் மூச்சு விடும்போது யோசித்தா விடுகிறோம்? அவர்களுக்கு அதுவும் அப்படித்தான்.

பள்ளிக்கூடத்திலும் அதே கதைதான். நான் அங்கே நாலாம் வகுப்பு வரை நிலத்தில் இருந்து படித்தேன். மற்றப் பிள்ளைகளுக்கு இருக்க மர வாங்கு, எங்கள் பிள்ளைகளுக்கு மண். எழுத்துக்கு அந்த வித்தியாசம் தெரியாதபடியால் எனக்கும் வந்து சேர்ந்தது. உன் அக்கா படிக்கிற காலத்தில்தான், எல்லாப் பிள்ளைகளையும் சமமாக இருத்தவேண்டும் என்று பள்ளிக்கூடங்களுக்கு அரசாங்க உத்தரவு வந்தது. வாத்தியார் பயந்த மனிதர், ஆனால் உத்தரவுக்கும் பயந்தவர். எங்கள் பிள்ளைகளையும் வாங்கில் ஏற்றி இருத்தினார். அன்று பின்னேரம் அக்கா முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு வந்தாள். "அப்பு, வாங்கிலை இருந்தால் கால் நிலத்திலை முட்டேல்லை" என்றாள். அவர் சிரித்த சிரிப்பில் இருமலே வந்துவிட்டது. அப்படி அவர் சிரித்து நான் அதற்கு முன்னும் கண்டதில்லை, பின்னும் கண்டதில்லை.

அடுத்த நாளே தவறணைக் குத்தகைக்காரர் எங்கள் படலைக்கு வந்தார். உள்ளே வரமாட்டார், எங்கள் முற்றத்து மண் அவருக்கு ஆகாது. நான் உன்னை இடுப்பில் வைத்துக்கொண்டு அடுப்படி வாசலில் நின்றேன். "எடேய், நாளைக்கு உன்ரை பெட்டையை நிலத்திலை இருத்து. வாத்தியாரோடை நான் கதைச்சுக்கொள்ளுறன்" என்றார். அப்பு குளித்துவிட்டு வந்த நேரம், தோளில் சால்வை கிடந்தது. அவருடைய கை ஒருதரம் எழும்பியதை நான் கண்டேன். பிறகு அது தானாகக் கீழே வந்தது. சால்வை இருந்த இடத்திலேயே இருந்தது. "நயினார், பிள்ளை வாங்கிலைதான் இருக்கும்" என்றார். அவ்வளவுதான். சத்தம் போடவில்லை, வெருட்டவில்லை, வேறு ஒரு சொல்லும் சொல்லவில்லை. குத்தகைக்காரர் அந்தத் தோளையே பார்த்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றுவிட்டுப் போனார். நீ என் காதுத் தோட்டைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தாய்.

அந்தக் கிழமைக்குள் பள்ளிக்கூடம் எரிந்தது. கிடுகுக் கூரை, எரிய எவ்வளவு நேரம் வேண்டும்? யார் கொளுத்தினார்கள் என்று ஊருக்கே தெரியும், ஒரு வாயும் திறக்கவில்லை. குத்தகைக்காரர் பொலிசுக்குப் போய், "இன்னான் சால்வையைத் தோளில் போட்டபடி என் முன்னால் நின்றான். பிள்ளைகளைக் கீழே இருத்தினால் பள்ளிக்கூடத்தைக் கொளுத்துவோம் என்று வெருட்டினான்" என்று முறைப்பாடு எழுதினார். அப்புவையும், பக்கத்து வீட்டுப் பூரணத்தின் புருஷனையும், இன்னொரு மனிதரையும் பிடித்துக்கொண்டு போய் மறியலில் பூட்டிவைத்தார்கள். பிள்ளைகளை வாங்கில் இருத்தச் சொன்னதும் அரசாங்கம், இருந்த பிள்ளைகளின் தகப்பன்மாரைப் பிடித்ததும் அரசாங்கம். அன்றைக்கிருந்து யோசிக்கிறேன், எனக்கு இன்னும் விளங்கவில்லை. நீ அந்த அரசாங்கத்தின் உடுப்பைத்தான் போடப் போகிறாய். விளங்கினால் எழுது.

மறுநாள் விடிய எங்கள் குடியில் ஒருவரும் மரம் ஏறவில்லை. கூட்டம் வைக்கவில்லை, யாரும் பேச்சுப் பேசவில்லை. கால்களைச் சேர்த்துப் போட்டு ஏறுகிற தளைநாரை எல்லா வீட்டிலும் கூரை வளையில் மாட்டிவிட்டுச் சும்மா இருந்தார்கள். நீ மரம் ஏறிப் பழகாதபடியால் இதன் பாரம் உனக்குத் தெரியாது. பாளையைக் காலையும் மாலையும் சீவிக்கொண்டே வரவேண்டும். சில நாள் விட்டால் வெட்டுவாய் காய்ந்து அடைத்துவிடும். அதற்குப் பிறகு தலைகீழாக நின்றாலும் அந்தப் பாளை சொட்டாது. அடுத்த வருடம் புதுப் பாளை வரும் வரைக்கும் பார்த்துக்கொண்டிருக்க வேண்டியதுதான். கடையைப் பூட்டினவன் மனம் மாறினால் திறக்கலாம். எங்கள் ஆட்கள் நிறுத்திய வேலைக்குத் திரும்பிப் போகிற வழி கிடையாது. அதுவும் நன்றாக வடிகிற மாதம். மூன்று மனிதருக்காக ஒரு குடி முழுவதும் தன் வருடத்துச் சோற்றை மரத்திலேயே காயவிட்டது. தவறணை வறண்டுபோயிற்று. குத்தகைக்காரர் தென்மராட்சியிலிருந்து ஆட்களைக் கூட்டிவந்து ஏறச் சொன்னார். அவர்கள் எங்கள் ஒழுங்கைக்கு வந்து விஷயத்தைக் கேட்டார்கள், எங்கள் வீட்டில் தண்ணீர் வாங்கிக் குடித்தார்கள், வந்த வழியே போய்விட்டார்கள்.

அதற்குப் பிறகுதான் பொலிஸ் வந்தது. நல்ல மத்தியானம். சார்ஜன் தமிழ் ஆள், மூன்று கொன்ஸ்டபிள்கள், பின்னால் குத்தகைக்காரரின் ஆட்கள். வீடு வீடாகப் போய் ஒரே கேள்வி: "ஏறவேண்டாமெண்டு உங்களுக்கு ஆர் சொன்னது?" ஒரு பெயர் கிடைத்தால் மற்றவர்களை விட்டுவிடுவதாகவும் சொன்னார்கள். பூரணம் மாவிடித்துக்கொண்டிருந்தாள். உலக்கையை விடவே இல்லை. "ஐயா, ஏறச் சொல்லத்தான் ஆள் வேணும். ஏறாமல் இருக்கிறதுக்கும் ஒருதர் சொல்லவேணுமே?" என்றாள். சார்ஜனுக்கு முகம் கறுத்துவிட்டது. பிறகு உடைக்கத் தொடங்கினார்கள். கள்ளு முட்டிகள், பானைகள், பூரணத்தின் அடுப்பில் இருந்த உலை எல்லாம் முற்றத்துக்கு வந்தன. எங்கள் வீட்டுக்கு வந்த கொன்ஸ்டபிள் ஒரு சிங்களப் பொடியன். வெயிலில் முகம் சிவந்து, கையால் சைகை காட்டித் தண்ணீர் கேட்டான். செம்பில் கொடுத்தேன். வாய் வைத்துக் குடித்தான். சார்ஜன் அதைக் கண்டுவிட்டு ஏதோ சொல்லி அதட்டினார். அவருக்கு எங்கள் வீட்டுத் தண்ணீர் இறங்காது. அந்தப் பொடியன் வாயைத் துடைத்தான், செம்பை நல்ல மரியாதையாக என் கையில் தந்தான், அப்புறம் பொல்லை எடுத்து எங்கள் கள்ளு முட்டிகளை ஒவ்வொன்றாக உடைத்தான். எனக்கு இந்த இரண்டு பேரில் யார் மேல் கூடுதல் கோபம் என்று இன்றுவரை தெரியவில்லை.

வழக்கு நாளில் எங்கள் பெண்கள் எல்லோரும் பட்டணத்துக் கோட்டுக்கு நடந்து போனோம். அப்புவின் வேட்டியையும் சால்வையையும் தோய்த்து மடித்துக் கொண்டுபோனேன். கொடுக்கிறபோது, "இஞ்சாருங்கோ, சால்வை தோளிலை கிடக்கட்டும். ஆர் வந்தாலும் இறக்காதையுங்கோ" என்றேன். "ஓம்" என்றார். தோளில் போட்டுக்கொண்டு கூண்டில் ஏறினார். நெஞ்சை நிமிர்த்தித்தான் நின்றார். நீதவான் வெளியூர் ஆள், எங்கள் ஊர் வழக்கம் தெரியாதவர். எங்களுக்காக வழக்குப் பேசிய பிறக்கிராசியார் எழும்பி ஏதோ கதைத்துக்கொண்டிருந்தார். அப்போது சாட்சி சொல்லக் குத்தகைக்காரரைக் கூப்பிட்டார்கள். அவர் கூண்டுக்குப் பக்கத்தால் நடந்து வந்தார். வாசலில் நின்ற எனக்கு எல்லாம் தெரிந்தது. அப்புவின் கை தோளுக்குப் போயிற்று. சால்வை கக்கத்துக்கு வந்தது. முதுகும் வளைந்தது. யாரும் சொல்லவில்லை, அவரும் நினைக்கவில்லை. அவருடைய கண் நீதவானைத்தான் பார்த்துக்கொண்டிருந்தது.

பிறக்கிராசியார் கெட்டிக்காரர். சொல்லிக்கொண்டிருந்ததை அந்தரத்தில் விட்டுவிட்டு, கூண்டில் நிற்கிறவரின் கையை நீதவான் பார்க்கவேண்டும் என்றார். வழக்கத்தை விளங்கப்படுத்தினார். பிறகு குத்தகைக்காரரிடம் திரும்பி, "உமக்கு முன்னாலை சால்வையை இறக்காமல் நிண்டு வெருட்டினவன் இவன்தானோ?" என்று கேட்டார். கோடு முழுவதும் சிரித்தது. குத்தகைக்காரர் தடுமாறினார், ஒன்றைச் சொல்லி அதையே மாற்றிச் சொன்னார். இப்படிப் பயந்து நடுங்குகிற மனிதன் அப்படி எதிர்த்து நின்றிருக்க முடியாது என்று நீதவான் முறைப்பாட்டையே தள்ளிவிட்டார். மூன்று பேரையும் விட்டார்கள். அப்போதுதான் அப்பு குனிந்து தன் கக்கத்தைப் பார்த்தார்.

மகனே, இதைக் கவனமாக வாசி. அந்தக் கோட்டில் எங்கள் படலையில் நடந்ததைப் பற்றி ஒரே ஒரு உண்மையைச் சொன்ன ஆள் குத்தகைக்காரர்தான். சால்வை தோளில் கிடந்தது என்று அவர் சொன்னது உண்மை. அதைத்தான் பொய் என்று தள்ளினார்கள். உன் அப்பு தன் சீவியத்தில் ஒருதரம் நிமிர்ந்து நின்றார். நடக்கவே இல்லை என்று தீர்ப்பாகிய பிறகுதான் அவருக்கு விடுதலை. வெளியே வந்ததும் பெண்கள் அழுது சிரித்து அவரைச் சூழ்ந்துகொண்டார்கள். நானும் சந்தோஷப்பட்டேன், மறைக்கமாட்டேன். சால்வை எங்கே கிடந்தால் எனக்கென்ன, ஆள் வெளியே வந்தால் போதும் என்றிருந்தது. அவர் எங்களோடு வரவில்லை. நீர்வேலி வாழைத் தோட்டங்களுக்குள்ளால் தனியாக நடந்து, எங்களுக்கு வெகு நேரம் கழித்து வீட்டுக்கு வந்தார். "உண்மையா நிண்டன், மறியலிலை போட்டினம். கை பொய் சொல்லிச்சுது, விட்டிட்டினம்" என்றார். கொஞ்சம் கழித்து, "நான் அண்டைக்கு இறக்கேல்லை எண்டு இனி ஆர் நம்பும்?" என்று கேட்டார். நான் நம்புகிறேன் என்றேன். அது போதாது என்று அவர் முகத்தில் தெரிந்தது.

குத்தகைக்காரர் வீட்டில் அதற்குப் பிறகு கதையைத் திருப்பிவிட்டார்கள். சால்வையை இறக்கித் தப்பினவன் என்று சொல்லிச் சிரித்தார்கள். எங்கள் குடியில் ஒருவரும் சிரிக்கவில்லை. அந்த வருடம் நாங்கள் ஒடியற்கூழும் பனங்கிழங்கும் தின்றுதான் காலம் தள்ளினோம். பெண்கள் புகையிலைத் தோட்டங்களுக்குக் கூலிக்குப் போனோம். ஒரு நாள்கூட, ஒரு வீட்டில்கூட, "உன்ரை புருஷனாலை வந்த பட்டினி" என்று யாரும் எங்களைப் பார்த்துச் சொல்லவில்லை. பள்ளிக்கூடத்துக்கு எங்கள் ஆட்களே கிடுகு பின்னிக் கூரை போட்டுக் கொடுத்தார்கள். திரும்பத் திறந்தபோது அக்கா வாங்கில்தான் இருந்தாள். நீ படிக்கப் போன காலத்தில் நிலத்தில் இருக்கிற வழக்கமே அங்கே இல்லை. உனக்கு வாங்கு எப்படிக் கிடைத்தது என்று நீ யோசித்ததே இல்லை, யோசிக்க வேண்டிய தேவையும் உனக்கு இருக்கவில்லை.

கோட்டிலிருந்து வந்த அன்று முதல் அப்பு சால்வை போடவில்லை. மழைக்கும் இல்லை, பனிக்கும் இல்லை, கோவிலுக்கு வெளியே நின்று கும்பிடப் போகும்போதும் இல்லை. அக்காவின் கலியாணத்துக்கு நீ ஆசையாகக் கரைபோட்ட சால்வை வாங்கி வந்தாய். அவர் அதைக் கொடியில் போட்டுவிட்டு வெறுந்தோளோடு மாப்பிள்ளை வீட்டாரை வரவேற்றார். அடிமைப் புத்தி போகவில்லை என்று நீ என்னிடம் முணுமுணுத்தாய். கலியாண வீட்டில் சண்டை வேண்டாம் என்று நான் வாயை மூடிக்கொண்டேன். அவர் எனக்குச் சொன்ன காரணம் வேறு: "தோளிலை ஒண்டும் கிடவாட்டில் இறக்கிறதுக்கும் ஒண்டும் இல்லை." எனக்கு இந்தப் பிடிவாதம் பிடிக்கவில்லை. போட்டுக்கொண்டு இறக்காமல் இருந்து காட்டுங்கள் என்று எத்தனையோ தரம் சண்டை பிடித்திருக்கிறேன். அவருக்குத் தன் கையில் நம்பிக்கை இல்லை. கூண்டில் ஒருதரம் கேட்காமல் போன கை இன்னொருதரமும் போகும் என்று பயம். உன்னைப் பணிவாக நடக்கச் சொன்னாரே, அதுவும் அந்தப் பயம்தான். அவர் கோழை இல்லை, பயந்த மனிதர். இரண்டும் ஒன்றில்லை என்று தெரிகிற வயது உனக்கு வந்துவிட்டது.

நீ பொலிசுக்குப் போவது எனக்குப் பிடிக்கவில்லை என்று நினைக்காதே. போகத்தான் வேண்டும். அந்தச் சார்ஜனுடைய இடத்தில் எங்கள் பிள்ளை ஒருவன் நிற்கட்டும் என்று எனக்கும் ஆசை இருக்கிறது. அங்கே சலாம் அடிக்கப் பழக்குவார்கள். பழகு, அது வேலை. ஆனால் உன் கை எப்போது உன்னைக் கேட்காமல் எழும்பத் தொடங்குகிறது என்று கவனித்துக்கொள். கும்பிடத்தான் கை பழகும் என்றில்லை, அடிக்கவும் பழகும். ஒருநாள் உன்னையும் பொல்லோடு எங்காவது ஒரு குடிசைக்கு அனுப்புவார்கள். அந்த ஊர் எதுவோ, ஆட்கள் யாரோ எனக்குத் தெரியாது. "ஆர் சொன்னது?" என்று உன்னையும் கேட்கச் சொல்வார்கள். கேள், எழுதிக்கொள், திரும்பி வா. அடுப்பில் இருக்கிற உலையில் கை வைக்காதே. தண்ணீர் தந்தால் குடி. குடித்த வீட்டுப் பானையை உடைக்காதே. அதற்காக வேலை போனால் வீட்டுக்கு வா, கூழ் இருக்கும்.

இதை எழுதி முடித்து இன்று பின்னேரம் அப்புவுக்கு வாசித்துக் காட்டினேன். தலையைக் குனிந்துகொண்டு கேட்டார். முடிந்ததும், "அந்தப் படலையடிக் கதையைத் திரும்ப வாசி" என்றார். வாசித்தேன். இன்னொருதரம் வாசிக்கச் சொன்னார். பிள்ளைக்கு நீங்களும் ஏதாவது சொல்லுங்கள் என்றேன். அவர் எழும்பிப் போய் ஆட்டுக்குக் குழை போட்டுவிட்டு வந்தார்; எனக்குக் கோபம் வரத் தொடங்கிவிட்டது.

"லீவிலை வரேக்கை உடுப்போடை வரச்சொல்லு" என்றார்.

எழுதினேன்.

"என்னைக் கண்டவுடனை தொப்பியைக் கழட்டவேண்டாமெண்டும் எழுது."

"தகப்பனுக்கு முன்னாலை பிள்ளை தொப்பியோடையே நிக்கிறது? சனம் என்ன சொல்லும்?" என்று கேட்டேன்.

"ஓம். அப்பிடியே நிக்கட்டும்" என்றார். "நான் ஒருக்காப் பாக்கவேணும்."